முதுகிலிருந்த கருவி

ஓட்டத்தை அளக்கும் கருவி அவள் பனியனுக்குள் முதுகோடு ஒட்டியிருந்தது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இது முதல் ஆட்டம். ஓட்டம் குறைந்தால் அணியில் இடமில்லை என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அதனால் பந்து வராத பக்கத்திலும் பாய்ந்து பாய்ந்து ஓடினாள்.

“யாருடி உன்னைத் துரத்துறா? மூச்சை மிச்சம் வைடி!” என்று கோல்கீப்பர் கத்தினாள்.

கடைசி நிமிடத்தில் பந்து அவளுக்கு முன்னால், ஆளில்லாத இடத்தில் உருண்டது. கால்கள் நகரவில்லை. எதிரணிப் பெண் நிதானமாக வந்து அதை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் கணினியைப் பார்த்தார். “எல்லாரையும்விட நீதாம்மா அதிகம் ஓடியிருக்கே.”

“அப்போ நான் அணியில இருக்கேனா சார்?”

“அந்தப் பந்துக்கு ஓடலையேம்மா.”

உடைமாற்றும் அறையில் அவளால் குனிய முடியவில்லை. கோல்கீப்பர்தான் மண்டியிட்டு அவள் ஷூ நாடாவை அவிழ்த்தாள்.