சலுகைப் புள்ளி

…இன்னும் இரண்டு நிமிடம், இரண்டே நிமிடம், அதற்குள் பந்து என் கைக்கு வராமல் இருந்தால் போதும், யா அல்லா, சக்கர நாற்காலிக் கூடைப்பந்து விளையாட வந்துவிட்டுப் பந்து வரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற ஒரே ஆள் இந்த அடையாறு உள்ளரங்கில் நானாகத்தான் இருப்பேன். போர்டில் நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தேழு, எங்கள் சென்னை ஒன்று கூடுதல், கோவை ஒன்று குறைவு, ஜெயித்தால் நாளை இறுதி ஆட்டம். உள்ளங்கை வியர்த்துச் சக்கரம் வழுக்குகிறது, டீ ஷர்ட்டில் துடைக்கிறேன், டீ ஷர்ட்டும் ஈரம். மேலே அம்மா உட்கார்ந்திருக்கிறாள், வேளச்சேரியிலிருந்து என் நாற்காலியை ஏற்றிக்கொள்ள மூன்று ஆட்டோக்காரர்களிடம் சண்டை போட்டு வந்தவள், அந்தப் பக்கம் மட்டும் பார்க்கவே கூடாது… என்னை ஏன் இந்த அணியில் எடுத்தார்கள்?

மூன்று வாரமாக இந்தக் கேள்விதான். உடம்பு எவ்வளவு அசையுமோ அதைப் பார்த்து ஆளுக்கு ஒரு புள்ளி எழுதிவிடுவார்கள், இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாத எனக்கு ஒன்றரை, ஒரு கால் மட்டும் இல்லாத வலியுல்லா பாய்க்கு நாலு. களத்தில் இருக்கும் ஐந்து பேரையும் கூட்டினால் பதினான்கைத் தாண்டக் கூடாது. ஐவரில் ஒரு பெண் இருந்தால் மட்டும் சலுகை, பதினைந்தரை வரை போகலாம். ஆக நான் உள்ளே இருந்தால்தான் பாய் மாதிரிப் பெரிய புள்ளிக்காரர்களை ஒன்றாக இறக்க முடியும். பயிற்சியில் பாயே சிரித்துக்கொண்டு சொன்னார், "இன்னாம்மா இஃப்ரா, நீ உள்ள கீறதாலதான் நானே உள்ள கீறேன்." பாராட்டாகத்தான் சொன்னார், வெள்ளை மனசு, எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. ரேஷன் கார்டில் பேர் இருந்தால் அரிசி கூடுதலாக வருகிற மாதிரி, அவ்வளவுதானா நான்? தி.நகர் ஜவுளிக்கடையில் வேலைக்கு எடுத்தபோதும் முதலாளி என்னை வாசலுக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் பார்க்கிற இடத்தில்தானே உட்கார வைத்தார்? நான் நன்றாக பில் போடுகிறேனா என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை, கோபமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை…

விசில். யாருக்கு? பாய்க்கு. ஐந்தாவது ஃபவுல், இனி அவர் இறங்க முடியாது, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓரமாக உருட்டிப் போகிறார். எங்கள் பயிற்சியாளர் சுரேஷ்குமார் சார் டைம் அவுட் கேட்டு எல்லோரையும் கூப்பிடுகிறார், பாய்க்குப் பதில் ஃபைசான் என்கிறார். ஃபைசானுக்கு இரண்டரைப் புள்ளி. என் மனசு தானாகக் கழிக்கிறது, பதினைந்தரை இறங்கிப் பதினான்கில் வந்து நிற்கிறது. அப்படியென்றால் சலுகையே வேண்டாம், அப்படியென்றால் நானும் வேண்டாம். பெஞ்சில் பாலகணேஷ் இருக்கிறான், அவனும் ஒன்றரைதான், தோள் மட்டும் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு இப்போதே தயாராகிவிட்டான், அவனுக்கும் கூட்டல் தெரியும். போகட்டும், நல்லதுதான், அவனே போகட்டும், நான் பெஞ்சுக்குப் போய்த் தண்ணீர் குடிப்பேன்… சார் என்னைப் பார்க்கிறார்.

"இஃப்ரா, ஏழாம் நம்பர் உன்னுது. அவள விட்றாதம்மா."

ஏழாம் நம்பர் ஷண்முகப்ரியா. கோவையின் நாற்பத்தேழில் இருபது அவள் ஒருத்தி போட்டது. அவளையா, நானா? சார் பதற்றத்தில் மறந்துவிட்டார், மறக்கலாம், மனிதர்தானே, ஞாபகப்படுத்த வேண்டியது என் கடமையில்லையா, இப்போது பாலகணேஷை இறக்கலாம் சார், கூட்டல் சரியாக வருகிறது என்று… வாயைத் திறக்கிறேன், அப்போது அவர் மடியில் இருக்கும் அட்டை கண்ணில் படுகிறது. ஐந்து பெயர், பக்கத்தில் ஐந்து எண், என் பெயர் மூன்றாவதாக, அடியில் 14 என்று எழுதி அதைச் சுற்றி வட்டமும் போட்டிருக்கிறார்.

சந்தோஷம் வரவில்லை. மூன்று வாரம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் பென்சிலில் எழுதிக் கிடக்கிறது, சலுகை வேண்டாம் என்று தெரிந்தேதான் என்னை வைத்திருக்கிறார். விசில் ஊதிவிட்டார்கள், ஷண்முகப்ரியா பந்தோடு என் பக்கமாகத்தான் வருகிறாள், சக்கரத்தைப் பிடிக்கிறேன். அவர் மறந்திருக்க வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.