கார்டில் இல்லாத வெடிப்பு

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், ஆறாம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் வெடித்திருந்தது. அந்த லயத்தில் குடியிருக்கும் தயானி, ஞாயிறு தவறாமல், அளவு தெரிய மகளின் பள்ளிக்கூட அடிமட்டத்தை வெடிப்பின் மேல் வைத்துப் படம் எடுத்தாள். முதல் வாரம் ஒரு விரல் அகலம். பத்தாம் வாரம் கையே நுழைந்தது.

நடுவில் போனில் இடமில்லை என்று வந்தபோது, பதுளையில் கடை வைத்திருக்கும் றுஷ்தியிடம் மெமரி கார்ட் வாங்கிப் போட்டாள். பாட்டுகளை அதற்கு மாற்றி இடம் உண்டாக்கிக் கொடுத்தான். "இனி எடுக்கிற படமெல்லாம் கார்டுக்குத்தான் போகும்" என்றான் அவன்.

மண்சரிவு அபாயம் பார்க்க அனர்த்த அதிகாரி வருவதற்கு முதல் நாள் போன் திரை அசையாமல் இறுகி நின்றது. றுஷ்தியிடம் கொண்டுபோனாள். அவன் போனிலிருந்த எல்லாவற்றையும் அழித்து ஓட வைத்துக் கொடுத்தான். கார்டைத் திறந்தால் பாட்டுகள் மட்டும்தான் இருந்தன.

"படமெல்லாம் எங்க?"

"படம் கார்டுல விழ, கேமரா செட்டிங்க்லயும் மாத்தி விடணும் அக்கா. அன்னைக்கு மறந்துட்டேன். எல்லாம் போனுக்குள்ளயே விழுந்திருக்கு."

"அழிக்க முந்தி ஒரு வார்த்த கேட்டியா? ஏழு குடும்பத்து உசுருடா அது! மறந்துட்டேங்கிற!"

அவள் மேசையில் அறைந்ததில் போன் கவர்கள் சிதறி விழுந்தன. றுஷ்தி குனிந்து அவற்றைப் பொறுக்கினான்.

மறுநாள் வந்த அதிகாரி கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். குடையைப் பிடித்தபடி வெடிப்பைக் குனிந்து பார்த்தார்.

"இது பழைய வெடிப்பாயும் இருக்கலாம். விரியுது எண்டதுக்குப் படம் ஏதும் இருக்கோ? இல்லையெண்டால் ஒரு மாதம் கழிச்சு வந்து பாக்கிறன்."

"மீரியபெத்தயில லயத்தையே மூடுன மண்ணு போட்டோ கேட்டுட்டா சார் வந்துச்சு?"

அவர் குடையை மடக்கி ஜீப்பில் ஏறப்போனார். தயானி ஓடிப்போய் முன்னால் நின்றாள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் இராக்கம்மாவும் மற்றப் பெண்களும் அவளோடு சேர்ந்து நின்றார்கள்.

"வழிய விடுங்கோ!"

"விடமாட்டோம். உள்ள வந்து பாத்துட்டுப் போங்க."

தயானி அவர் கையைப் பிடித்து இராக்கம்மாவின் காம்பராவுக்கு இழுத்துப் போனாள். "போன கிழமை வரைக்கும் இந்தக் கதவு பூட்டுச்சு. இப்பப் பூட்டுங்க பாப்போம்!"

அவர் தள்ளினார். தோளைக் கொடுத்தும் தள்ளினார். நிலை கோணி நின்றதில் கதவு பாதியிலேயே இறுகியது. சுவரில் புதுக் கீறல். அதன் கீழே, அன்று காலை கூட்டிய தரையில், சாந்துத் தூள் உதிர்ந்து கிடந்தது.

கனகசபை பேனாவை எடுத்தார். ஏழு குடும்பமும் இன்றே வெளியேற வேண்டும், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் தங்கலாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"முதலே உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே, பிள்ளை" என்றார்.

"வாசப்படி வரைக்குமாச்சும் நீங்களா வந்தீங்களா சார்?"

தயானி தன் காம்பராவிலிருந்து அரிசிப் பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அவரைத் திரும்பிப் பாராமல் மடுவத்தை நோக்கி மழைக்குள் இறங்கினாள்.