கதவிடுக்கில் நின்றவள்

தன்யாவின் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் திரைப்பட மன்றம் ஒன்று உண்டு. ஜப்பானியப் பேய்ப்படம் ஒன்றையும், பத்தாண்டுகள் கழித்து அதே கதையைக் கொரியாவில் மறுபடி எடுத்த படத்தையும் ஒப்பிட்டுப் பேசும் பொறுப்பு அவளுக்கு வந்தது. தனியாகப் பார்க்கப் பயம். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பஹ்ரைனின் ஈசா டவுனில் இருந்த தங்கள் ஃபிளாட்டின் ஹாலில் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு, அம்மா சுசீலாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"நானும் வரட்டுமா?" என்று உள்ளறையிலிருந்து அப்பா கேட்டார்.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிவசங்கரனுக்குப் பார்வை போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. சர்க்கரை நோய் விழித்திரையைப் பழுதாக்கிவிட்டது. கோயம்புத்தூருக்குப் போய் இரண்டு முறை ஆபரேஷன் செய்தும் பலனில்லை. அதற்கு முன் பத்தொன்பது வருடம் இங்கேயே பெரிய கட்டடங்களின் ஏசி பிளான்ட்டுகளைப் பராமரிக்கும் எஞ்சினியராக இருந்தவர். வேலை போனபிறகு டிவி இருக்கும் பக்கமே வருவதில்லை.

"வாங்க. நான் சொல்லிட்டே வர்றேன்," என்றாள் சுசீலா.

ஜப்பானியப் படத்தில் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. கணவனை இழந்த ஒருத்தி சின்ன மகளோடு பழைய வீட்டுக்குக் குடிவருகிறாள். அந்த வீட்டில் முன்பு இருந்தவள் காணாமல்போன குழந்தையைத் தேடித் தேடியே செத்துப்போனவள். இசை கிடையாது. பேச்சும் குறைவு. சுசீலா ஆங்கில சப்டைட்டிலைப் படித்துத் தமிழில் சொன்னாள். மற்ற நேரத்தில் கண்ணில் பட்டதைச் சொன்னாள்.

"இப்ப சமையல்கட்டுங்க. அரிசி கழுவறா. இப்ப உள்ரூம். பழைய சுவர்க்கடிகாரம் ஒண்ணு ஓடுது. அவ வெளிய போயிட்டா."

"பேயே வரலையேம்மா. ரொம்ப போரிங்," என்றாள் தன்யா.

முக்கால் மணி நேரம் ஆனபோது வீட்டின் நடை மட்டும் திரையில் தெரிந்தது. கேமரா அசையவில்லை.

"என்ன நடக்குது?" என்றார் சிவசங்கரன்.

"ஒண்ணுமில்லீங்க. காலி நடை. கடைசில அந்த உள்ரூம் கதவு பாதி திறந்திருக்கு. உள்ள இருட்டு."

"யாரோ அந்தக் கதவுகிட்ட வந்து நிக்கிறாங்க."

"இல்லீங்க, யாருமில்ல."

"நிக்கிறாங்க சுசீலா. கடிகாரச் சத்தம் இத்தன நேரம் தெளிவா கேட்டுச்சு. இப்ப துணி போட்டு மூடுன மாதிரி மங்கிருச்சு. கதவுக்கு நடுவுல ஏதோ மறைக்குது."

தன்யா படத்தை நிறுத்தினாள். டிவியின் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு எழுந்து போய்த் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். மறுகணம் பின்னால் துள்ளி அம்மாவின் மடியில் வந்து விழுந்தாள்.

"அம்மா, இருக்கா!"

சுசீலாவும் பார்த்தாள். கதவிடுக்கின் இருட்டுக்குள், இருட்டைவிடக் கொஞ்சமே வெளுத்து, ஒரு தோள். ஒரு கன்னம். திறந்த கண் ஒன்று. இத்தனை நேரம் அந்தக் கண்ணுக்கு நேராக உட்கார்ந்துகொண்டு யாருமில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

"அப்பா, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"முதல்ல இருந்து போடு கண்ணு," என்றார் அவர். குரலில் அவசரம். "சமையல்கட்டுலயும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. தண்ணிச் சத்தம் சுவத்துல மோதித் திரும்பி வந்துட்டிருந்தது, அந்த எதிரொலி பாதில நின்னுபோச்சு."

போட்டாள். அரிசி கழுவுகிறவளின் பின்னால், தொங்கும் துண்டு என்று இருவரும் நினைத்திருந்தது துண்டில்லை. அவர் "இங்க" என்ற இடத்திலெல்லாம் தன்யா நிறுத்தினாள். மாடிப்படியின் அடியில், குளியலறைக் கண்ணாடியில், தூங்கும் குழந்தையின் தலைமாட்டில். ஐந்து இடங்கள். ஒவ்வொன்றிலும் அவள் இருந்தாள். குடிவந்த முதல் நாளிலிருந்தே அந்த வீட்டில் நின்றுகொண்டிருந்தாள். கடைசிவரை படம் அவளைச் சுட்டிக்காட்டவே இல்லை. படம் முடிந்தது. கோயிலில் நடை திறந்ததும் வருமே ஒரு வாயடைப்பு, அதுபோல இருந்தது சுசீலாவுக்கு.

காபி குடித்துவிட்டுக் கொரியப் படத்தைப் போட்டார்கள். அதே வீடு, அதே சமையல்கட்டு. சிவசங்கரன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். கடிகாரம் மங்கவே இல்லை. அந்த நடை வந்ததும் கதவு படாரென்று திறந்தது. தலைவிரிகோலமாக ஓடிவந்தவள் அடுத்தவள் குழந்தையை அள்ளி மார்போடு இறுக்கிக்கொண்டு கதறத் தொடங்கினாள். சப்டைட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. அவளையே பார்த்தபடி சுசீலா படிக்க மறந்தாள். நினைவு வந்து திரும்பியபோது அவர் முன்னால் குனிந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, கன்னத்தில் வழிவதைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார். பார்வை இனி வராது என்று டாக்டர் சொன்ன அன்றுகூட அழாதவர்.

"சொல்லட்டுங்களா?"

"வேண்டாம். எல்லாம் தெரியுது."

படம் முடிந்ததும் தன்யா நோட்டை எடுத்தாள். "எதுப்பா பெட்டர்?"

"அப்படிப் பிரிக்கத் தெரியல கண்ணு. அங்க அவ கூடவே நிக்கிறா, ஒருத்தரும் பாக்கல. இங்க பாக்காம விடமாட்டேங்கறா. ஆனா ரெண்டு பேரும் ஒரே பொம்பளதான்." கொஞ்சம் யோசித்தார். "அந்தக் கடிகாரச் சத்தத்த ஒருத்தன் உக்காந்து மங்க வெச்சிருக்கான் பாரு. யார் கவனிப்பாங்கன்னு நெனச்சு வெச்சிருப்பான்?"

செவ்வாய்க்கிழமை மன்றத்தில் தன்யா பிள்ளைகள் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, அந்த நடைக் காட்சியின் சத்தத்தை மட்டும் போட்டாளாம். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. பின் வரிசையில் சந்தியா என்ற பெண் கண்ணைத் திறக்காமலே, "யாரோ வந்துட்டாங்க," என்றாளாம்.

அன்று சாயங்காலம் மன்றத்தை நடத்தும் மஹதி டீச்சர் போன் செய்தார். அடுத்த படத்தைப் பிள்ளைகளோடு கேட்கத் தன்யாவின் அப்பா வருவாரா என்று விசாரித்தார். ஆஸ்பத்திரிக்குத் தவிர எங்கும் வெளியே போகாத மனிதரிடம் இதை எப்படிக் கேட்பது என்று சுசீலா தயங்கினாள். போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

சிவசங்கரன் எழுந்து நின்றுவிட்டார்.

"வர்றேன்னு சொல்லு. ஸ்பீக்கர் மட்டும் நல்லதா வெக்கச் சொல்லு."