பதினான்கு யூனிட்

சியரா மலைச்சாலையில் கணவாய்க்கு முன்னால் உள்ள கடைசிக் கடை திருமதி அரக்ஸியுடையது. அதன் வாசலில் மின்வாகனங்களுக்கான சார்ஜர் ஒன்று நின்றது. மாவட்ட எடை அளவு முத்திரை ஆய்வாளர் என்ற முறையில் அன்று காலை அதைச் சோதிக்கச் சென்றிருந்தேன். நாளெல்லாம் மெல்ல மெல்ல மின்சாரத்தைத் தனக்குள் இருக்கும் பேட்டரியில் சேர்த்துக்கொண்டு, வண்டி வந்தால் வேகமாகக் கொடுக்கும் வகை அது.

பெட்ரோல் பம்பைச் சோதித்தால், அளந்த எண்ணெயை உரிமையாளரின் தொட்டியிலேயே திருப்பி ஊற்றிவிடலாம். மின்சாரத்தை அவ்வாறு திருப்பித் தர இயலாது. சார்ஜரின் பிளக்கை என் அளவுக் கருவியில் செருகினேன். கருவியிலிருந்து மின்சாரம் என் பிக்கப் வண்டியின் பின்புறமிருந்த பெரிய பெட்டிக்குச் சென்றது. பெட்டி அதை வெப்பக் காற்றாக்கி வெளியே ஊதியது.

"இன்னும் எவ்வளவுதான் ஊதப் போறீங்க, ஆபீசரம்மா?" என்றார் அரக்ஸி. "என் துணியெல்லாம் கொண்டாந்து முன்னாடி காயப்போடட்டுமா?"

"மன்னிக்கணும்ங்க. இன்னும் ஒரே ஒரு தடவை."

ஒவ்வொரு முறையும் அதே முடிவுதான். பத்து யூனிட் கொடுத்ததாகச் சார்ஜரின் திரை சொன்னபோது, என் கருவி ஒன்பதைக் காட்டியது. விற்பனைக்குத் தடை என்னும் சிவப்பு அட்டையை மாட்டி, பிளக்கைக் கம்பியால் கட்டி, ஈய முத்திரை வைத்தேன்.

"நான் அதைத் தொட்டதுகூட இல்லை" என்றார் அவர்.

"தெரியும்ங்க. ரிப்பேர் ஆனதும் கூப்பிடுங்க, நானே வந்து எடுத்துடறேன்."

நண்பகலில் காற்று எழுந்தது. காற்று மிகுந்த நாட்களில் தீப்பொறிக்கு அஞ்சி மின் நிறுவனம் இணைப்பைத் துண்டிப்பது வழக்கம், அன்றும் துண்டித்தது. ஆனால் புகை வாடை ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. ஊருக்குள் சென்றிருந்த அரக்ஸியின் கணவர் தொலைபேசியில் கத்தினார்: "கீழ்ச்சாலையை மூடிட்டாங்க! இறங்காதே, கணவாய் ஏறி அந்தப் பக்கம் போயிடு!" அவர்களுடைய காரும் அவரிடமே இருந்தது. என் வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த ஒரே இருக்கையைக் காலி செய்து அரக்ஸிக்குக் கொடுத்தேன்.

நாங்கள் புறப்படும் வேளையில் கீழிருந்து ஒரு மின்சார வேன் ஊர்ந்து வந்து சார்ஜரின் அருகே நின்றது. ஓட்டியவர் மலையில் மேலே குடியிருக்கும் டெல்பர்ட். பின்னால், தரையோடு பூட்டிய சக்கர நாற்காலியில் அவருடைய மனைவி ஓபல் அமர்ந்திருந்தார்.

"போலீஸ்காரன் திருப்பி அனுப்பிட்டான். சார்ஜ் சுத்தமா இல்லை" என்றார் டெல்பர்ட். "வழக்கமா மலை இறங்கறப்ப சக்கரம் சுத்தி அதுவே சார்ஜ் ஏறிக்கும்னு காலியாவே கிளம்புவேன். யாரு கண்டா, இன்னைக்கு மேல ஏறணும்னு? கணவாய் ஏற இங்கேர்ந்து பதினாலு யூனிட் வேணும்."

அவர் பார்வை சிவப்பு அட்டையில் விழுந்தது. இணைப்பு துண்டிக்கப்பட்டதால், சார்ஜரின் பேட்டரியில் மீந்திருப்பது மட்டுமே இனி மிச்சம். முன்பு இருந்ததில் பாதியை நான் காலையில் வெப்பக் காற்றாக ஊதித் தீர்த்திருந்தேன்.

விற்பதற்குத்தான் தடை, சோதிப்பதற்கு இல்லை. என் முத்திரையை நானே வெட்டினேன். சார்ஜரின் பிளக்கை மறுபடி என் கருவியில் செருகி, கருவியைப் பெட்டியிலிருந்து பிரித்து வேனோடு இணைத்தேன். எண்கள் ஏறத் தொடங்கின.

சாம்பல் விழுந்தது. முதலில் தூசி போலவும், பின்பு நகத்தின் அளவிலும். கீழ்முகட்டிற்குப் பின்னால் வானம் செம்மஞ்சளாயிற்று.

"டெல்பர்ட், போயிடலாம்" என்றார் ஓபல். "என்னைக் கட்டிப்போட்டிருக்கு, ஞாபகமிருக்கா? என்னால எந்திரிச்சு ஓட முடியாது."

சார்ஜரின் திரையில் பதினான்கு வந்தது. டெல்பர்ட் பிளக்கைப் பிடித்தார்.

"வேண்டாங்க" என்றேன். "பன்னிரண்டரைதான் ஏறியிருக்கு."

"கண்ணு, பதினாலுன்னு போட்டிருக்கே! படிக்கத் தெரியாதா?"

"தயவுசெஞ்சு என் கருவியைப் பாருங்க. அந்தத் திரை கூடுதலாக் காட்டுது."

"உன் கருவி பொய் சொல்லலைன்னு யாரு சொன்னா?"

அந்தக் கருவியும் இந்த மேடுபள்ளச் சாலையில் குலுங்கித்தான் வந்தது, அதன் அளவும் பிசகியிருக்கலாம். நான் சொல்வது தவறானால், நிறுத்திவைத்த இந்த நிமிடங்களே அவர்களைக் கொன்றுவிடும்.

அரக்ஸி வண்டியிலிருந்து இறங்கி வந்து டெல்பர்ட்டின் மணிக்கட்டைப் பற்றினார். "கையை எடு, கிழவா. காலைலேர்ந்து என் கரண்ட்டையெல்லாம் ஊதித் தள்ளி அவ கண்டுபிடிச்சது, பத்துல ஒரு யூனிட் குறையுதுங்கறதைத்தான். என் கடையை மூடவெச்ச கணக்கு அது. பொய்யா இருந்தா முதல்ல நானே அவளை அடிச்சிருப்பேன்."

டெல்பர்ட் கையை எடுத்தார். முகட்டின் விளிம்பில் ஒரு மரம் மட்டும் தனியாக எரிந்தது. பின்பு அதன் பக்கத்தில் இருந்ததும் பற்றிக்கொண்டது. என் கருவியில் எண்கள் ஏறின. பதின்மூன்று. பதின்மூன்றரை. சார்ஜர் கீச்சிட்டு, மெல்லத் தளர்ந்து, பதினான்கைத் தொடுவதற்குச் சற்று முன் அணைந்துபோனது.

"இதுக்கு மேல இல்லைங்க" என்றேன். "ஏசியைப் போடாதீங்க. மெதுவா ஏறுங்க. நாங்க பின்னாலேயே வர்றோம்."

புகைக்குள் வேனின் பின்விளக்குகளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவை மறைந்தபோது, மறுபடி தெரியும்வரை நொடிகளை எண்ணினேன். கணவாயின் உச்சிக்கு முந்தைய வளைவில் வேன் நடைவேகத்திற்குக் குறைந்தது. "தள்ள முடியுமா நம்மால?" என்று அரக்ஸி கிசுகிசுத்தார். முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

வேன் ஊர்ந்தது. முன்சக்கரங்கள் உச்சியைத் தாண்டின. பின்பு அது தன் பாரத்திலேயே மறுபக்கம் இறங்கியது.

சாலையோரம் அகலமான இடத்தில் நிறுத்தி நாங்கள் வேனருகே சென்றபோது, டெல்பர்ட்டின் விரல்கள் ஸ்டியரிங்கை விடவில்லை. ஓபல் அவரைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் டெல்பர்ட் திரும்பி, நாங்கள் ஏறிவந்த பக்கம் கையை நீட்டினார்.

"பன்னிரண்டரையில கிளம்பியிருந்தா, உச்சிக்குக் கீழ இருக்கிற அந்த மொட்டைப் பாறைக்கிட்ட நின்னிருப்போம்."

பாறை தெரியவில்லை. அது இருந்த பக்கத்திலிருந்து புகை திரண்டு மேலேறிக்கொண்டிருந்தது.

"என் சார்ஜர்ல அந்தச் சிவப்பு அட்டை இன்னும் தொங்குதா, ஆபீசரம்மா?" என்று கேட்டார் அரக்ஸி.

"ஆமாங்க."

"தீயாவது அதை மதிக்குதான்னு பாப்போம்" என்றார். காற்று புகையை எங்கள் பக்கம் திருப்பியதும், நாங்கள் இருவரும் மறுபடி வண்டியில் ஏறி, வேனின் பின்னால் இறங்கத் தொடங்கினோம்.