முழங்கைக்குக் கீழே இரண்டு பெயர்கள்

மார்லீன் ப்ரோகோப்பிடம் எப்போதும் இரண்டு பென்சில்கள் இருக்கும். கூர்மையானது ஆட்டத்துக்கு, மழுங்கியது சந்தேகத்துக்கு. அடித்தவன் ஓடிப்போய் முதல் மூலைத்தட்டான முதல் பேஸை எட்டியது அவன் திறமையாலா, பந்தைப் பிடிக்க வேண்டியவன் கோட்டை விட்டதாலா என்று உடனே சொல்ல முடியாதபோது, மழுங்கிய பென்சிலால் ஒரு மெல்லிய கோடு போட்டு வைப்பாள். அடுத்த பந்து வருவதற்குள் யோசித்து, அதன்மேல் ‘ஹிட்’ அல்லது ‘எரர்’ என்று கூர்மையானதால் எழுதுவாள். எழுதிய பிறகு அதைத் தொடமாட்டாள்.

பிளம் க்ரீக் கல்லூரி பேஸ்பால் அணிக்கு இருபத்திரண்டு வருடமாக அவள்தான் ஸ்கோரர். வாரநாட்களில் அதே கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்தில் மதிப்பெண் பட்டியல்களைச் சரிபார்ப்பாள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அவள் எண்ணம்.

அணியின் கோச் ராய்ஸ் அவளுடைய தம்பி. பதினெட்டு வருடமாகக் கோச். ஐந்து முறை வட்டாரக் கல்லூரிகளுக்கான கோப்பையின் இறுதி ஆட்டம் வரை வந்து ஐந்து முறையும் தோற்றவன். கோப்பையை வென்றால்தான் தேசியப் போட்டிக்குப் போக முடியும். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து எந்த அணியும் போனதில்லை. அந்த வருடம் நாற்பத்தைந்து ஆட்டங்களில் முப்பத்தாறு வென்று, ஆறாவது முறையாக இறுதிக்கு வந்திருந்தார்கள்.

எப்படி வென்றார்கள் என்பதற்கு மார்லீனின் புத்தகத்திலேயே பதில் இருந்தது. பிட்சர் எறியும் பந்து அடிக்கத்தக்க இடத்தில் வந்து, பேட்டர் அடிக்காமல் விட்டாலோ மட்டையை வீசித் தவறினாலோ அது ஸ்ட்ரைக். அகலமாகவோ உயரமாகவோ போனால் பால். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். நான்கு பால் ஆனால் முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போகலாம். ஆகவே ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் யாருக்கு யார் பயப்பட வேண்டும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். ஸ்ட்ரைக் கூடினால் பேட்டர் கண்டதையும் துரத்துவான். பால் கூடினால் பிட்சர் வேறு வழியில்லாமல் நடுவில் போடுவான். மற்ற கல்லூரிகள் வேகமாக எறியும் பையன்களைத் தேடி அலைந்தபோது, ராய்ஸ் முதல் பந்திலேயே ஸ்ட்ரைக் போடுகிறவர்களைப் பொறுக்கி எடுத்தான். ரகசியம் அவ்வளவுதான்.

அக்காவின் புத்தகத்தை அவன் நம்பினான், அக்காவின் தீர்ப்பை மட்டும் ஏற்கமாட்டான். ஏப்ரலில், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் அவனுடைய ஷார்ட்ஸ்டாப் ஒரு பந்தைத் தவறவிட்டபோது மார்லீன் எரர் எழுதினாள். போன வருடத்திலிருந்து ஐம்பத்தோரு ஆட்டங்களாக ஒரு பிழையும் செய்யாத பையன். அதற்காக ராய்ஸ் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. பன்றி வறுவலும் மாவு உருண்டையும் பாத்திரத்தில் போட்டு அவன் மனைவியிடம் கொடுத்தனுப்பினாள். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது. ஆள் வரவில்லை.

இறுதி ஆட்டம் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், சொந்த மைதானத்தில் நடந்தது. எதிரே ஆஷ்பி கல்லூரி. பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு மேலே இருந்த மர அறையில், மார்லீனுக்குப் பக்கத்து நாற்காலியில் ஆஷ்பியின் ஸ்கோரர் டெல்பர்ட் உட்கார்ந்திருந்தான். அவனும் அவளும் பதினான்கு வருடப் பழக்கம். அதிகாரப்பூர்வப் புத்தகம் அவளுடையது. அவனுடையது அவன் அணிக்கானது. ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் அவள் தன் புத்தகத்தை மேசையின் நடுவுக்குத் தள்ளுவாள், அவன் தன்னுடையதோடு ஒப்பிட்டுக்கொள்வான்.

நான்காம் இன்னிங்ஸில் பிளம் க்ரீக்கின் கேப்டன் அடித்த வேகமான பந்து, பிடிக்க வந்தவனின் கையுறையில் பட்டுத் தெறித்தது. கேப்டன் முதல் பேஸில் நின்றான். மார்லீன் மழுங்கிய பென்சிலால் கோடு போட்டாள். பிறகு எரர் என்று எழுதினாள். எண் பலகையில் ‘எ’ விளக்கு எரிந்ததும், கீழே வீரர்கள் உட்காரும் கொட்டகையிலிருந்து ராய்ஸ் வெளியே வந்து மேலறையை அண்ணாந்து பார்த்தான்.

“தம்பி கண்ணாலயே எரிக்கிறாரே,” என்றான் டெல்பர்ட்.

“வெயில் கண்ணுல படுது அவனுக்கு.”

“வெயிலு அவருக்கு முதுகுப் பக்கம்மா.”

ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸில் ஆஷ்பி பேட் செய்த முதல் பாதியில் விபரீதம் நடந்தது. உயரமாக எழும்பிய ஒரு பந்தைப் பிடிக்க, பிளம் க்ரீக்கின் இரண்டாம் பேஸ்காரனும் இடதுபுறத்துக்காரனும் ஒரே நேரத்தில் ஓடி மோதிக்கொண்டார்கள். ஒருவனுக்கு மூக்கில் ரத்தம். மற்றவனுக்குக் கணுக்கால் பிசகியது. அந்தக் குழப்பத்தில் ஆஷ்பி ஒரு ஓட்டம் எடுத்து ஐந்துக்கு நான்கு என்று முந்தியது.

இரண்டு பேர் வெளியே போனால் இரண்டு பேர் உள்ளே வரவேண்டும். அப்போது கோச் ஒன்றை அம்பயரிடம் சொல்லியாக வேண்டும்: பேட் செய்யும் வரிசையில் புதியவர்களில் யாருக்கு எந்த இடம் என்பதை. ராய்ஸ் சொன்னான். அம்பயர் தன் சட்டைப்பையில் இருந்த அட்டையில் குறித்துக்கொண்டு, வலைக்குப் பக்கத்தில் வந்து மேலறைக்குக் குரல் கொடுத்தார்: “பதினொண்ணு ஆறாவது. இருபத்திநாலு ஏழாவது.” பதினொன்று ஓவன் ஸ்காலா. ஒல்லியான பையன், கால்வேகம் மட்டும் உண்டு, அடி கிடையாது. இருபத்துநான்கு கிராண்ட் டீட்ஸ். அடித்தால் வேலி தாண்டும், ஆனால் மணிக்கட்டு காயத்தால் மூன்று வாரமாக பெஞ்சில் இருந்தவன். மார்லீன் ஆறில் ஸ்காலா, ஏழில் டீட்ஸ் என்று எழுதினாள்.

டெல்பர்ட் அப்போது அறையில் இல்லை. சில்லி என்ற இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

கொட்டகைக்குள் திரும்பிய ராய்ஸ், சுவரில் ஒட்டியிருந்த தாளில் தன் கையாலேயே இரண்டு பெயர்களையும் எழுதினான். அம்பயரிடம் சரியாகச் சொன்னவன், தாளில் மாற்றி எழுதிவிட்டான்.

கடைசிப் பாதியில் பிளம் க்ரீக்கின் இரண்டு பேர் அவுட். இரண்டு பேர் இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் நின்றார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் இருவரும் பேஸ்களைச் சுற்றி முடித்து இரண்டு ஓட்டம் எடுத்துவிடுவார்கள், கோப்பை கிடைத்துவிடும். மூன்றாவது அவுட் விழுந்தால் ஆட்டம் முடிந்து ஆறாவது தோல்வி. அடுத்து வரவேண்டியவன் ஆறாம் இடத்து ஸ்காலா. கொட்டகையிலிருந்து மட்டையைச் சுழற்றியபடி டீட்ஸ் வந்தான். ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொன்னது. முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்துச் சொல்வதுதான் அதன் வேலை. கூட்டம் எழுந்து நின்றது.

மார்லீன் புத்தகத்தைப் பார்த்தாள். மைதானத்தைப் பார்த்தாள். மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள்.

வரிசை மாறி ஒருவன் பேட் செய்ய வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை விதி நிதானமாகப் பிரித்து வைத்திருக்கிறது. அவன் பேட் செய்துகொண்டிருக்கும்போதே யாராவது சொல்லிவிட்டால் ஒரு தண்டனையும் இல்லை. சரியான ஆள் வந்து நிற்பான், அதுவரை விழுந்த பால், ஸ்ட்ரைக் கணக்கு அப்படியே அவனுக்கு. தவறான ஆள் பேட் செய்து முடித்த பிறகு, அடுத்த பந்துக்கு முன்னால் எதிரணி முறையிட்டால், அவன் செய்ததெல்லாம் அழியும், வந்திருக்க வேண்டியவன் அவுட். யாருமே சொல்லாவிட்டால் நடந்தது நடந்ததுதான். சொல்லும் உரிமை இரண்டு அணிகளுக்கு மட்டும். அம்பயர் சொல்லக் கூடாது. ஸ்கோரர் சொல்லவே கூடாது.

மேசையில் உள்தொலைபேசி இருந்தது. ஒன்றை அழுத்தினால் ராய்ஸின் கொட்டகை. ஒரு வார்த்தை போதும், ஆளை மாற்றிவிடுவான். அவள் இடது முழங்கை புத்தகத்தின் மேல் ஊன்றியிருந்தது. அதை எடுக்கவும் இல்லை, தொலைபேசியைத் தொடவும் இல்லை.

முதல் பந்து அகலமாகப் போனது. டீட்ஸின் தோளைப் பார்த்த எந்தப் பிட்சரும் அப்படித்தான் எறிவான். இரண்டாவதும் பால்.

திரும்பி வந்து உட்கார்ந்திருந்த டெல்பர்ட் விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கிவிட்டுத் தன் புத்தகத்தைப் புரட்டினான். “மார்லீன், நான் சாப்பாட்டு வரிசையில நின்னப்ப ரெண்டு பேரை மாத்தினாங்கள்ல. யாரை எங்க போட்டே?”

 சொல்லக் கூடாது என்பது விதி என்று அவளுக்குத் தெரியும். புத்தகத்தை மறைக்கலாம் என்று எந்த விதியிலும் இல்லை என்பதும் தெரியும். ஆறும் ஏழும் சரியாக அவள் முழங்கைக்குக் கீழே இருந்தன. முழங்கை அங்கே இருந்தது தற்செயல். இனிமேலும் அங்கேயே இருந்தால் அது தற்செயல் ஆகாது.

மூன்றாவது பந்து ஸ்ட்ரைக். மார்லீன் மூன்றையும் சேர்த்துக் குறிக்கக் கையை எடுத்தாள். பிறகு புத்தகத்தை மேசையின் நடுவுக்குத் தள்ளினாள்.

டெல்பர்ட் பார்த்தான். ரொட்டியைக் கீழே வைத்தான். மைதானத்தில் நின்றவனின் முதுகைப் பார்த்தான். கை தொலைபேசிக்குப் போனது. இரண்டை அழுத்தினான்.

“கோச், நிக்கிறது தப்பான ஆளு. ஸ்காலாதான் வரணும். ஆனா இப்ப போகாதீங்க, அவன் முடிக்கட்டும்… கோச்? கோச்?”

முதல் இரண்டு வாக்கியத்தோடு ஆஷ்பியின் கோச் லைல் கன்னிங் தொலைபேசியைத் தொங்கவிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார். அவர் கொட்டகைப் படியேறுவதற்குள் நான்காவது பந்தும் விழுந்தது. பால். மூன்று பால், ஒரு ஸ்ட்ரைக். கன்னிங் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு அம்பயரிடம் ஓடினார்.

“போச்சு,” என்றான் டெல்பர்ட் அமைதியாக. “சும்மா உக்காந்திருந்தா கோப்பை எங்களுது. அவன் அவுட் ஆனா ஆட்டம் முடிஞ்சது. அடிச்சா நாங்க முறையிடுவோம், அப்பவும் முடிஞ்சது. எப்படிப் பாத்தாலும் முடிஞ்சது. இந்த மனுஷனுக்குப் பொறுமைன்னு ஒண்ணு கடவுள் குடுக்கவே இல்ல.”

கீழே அம்பயர் அட்டையை எடுத்துப் பார்த்தார். அது அவருக்கு முதல் பந்திலிருந்தே தெரியும் என்பது அவர் முகத்தில் தெரியவில்லை. டீட்ஸைப் போகச் சொன்னார். ஸ்காலாவைக் கூப்பிட்டார்.

“அவுட்டு குடுங்க,” என்றார் கன்னிங்.

“அவன் இன்னும் முடிக்கலையே, கோச்.”

“தப்பான ஆளு நின்னானா இல்லையா?”

“நின்னான். நீங்க சொன்னீங்க, சரி பண்ணியாச்சு. நன்றி.” அம்பயர் ஒரு கையில் மூன்று விரலும் மறு கையில் ஒரு விரலும் காட்டினார்.

ஸ்காலா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே வந்தான். அந்த வருடம் ஐந்து முறை பேட் செய்தால் ஒரு முறை ஹிட் எடுக்கிறவன் அவன். சாதாரணமாக அவனுக்கு யாரும் பயப்படமாட்டார்கள். இப்போதும் பிட்சர் அவனுக்குப் பயப்படவில்லை. அவன் கையில் இருந்த கணக்குக்குத்தான் பயந்தான். இன்னொரு பால் போனால் ஸ்காலா முதல் பேஸுக்கு நடந்துவிடுவான், அடுத்து முறைப்படி வருவது டீட்ஸ். மறுபடியும் அந்தத் தோள், இந்த முறை பேஸ்கள் நிறைந்து. ஆகவே அவன் அகலமாக எறிய முடியாது. நடுவில்தான் போடவேண்டும். நடுவில்தான் வரும் என்பது ஸ்காலாவுக்கும் தெரியும். ஒன்றுக்கும் உதவாத ஒரு பேட்டருக்கு அந்த வருடத்தின் மிக நல்ல பந்தை வாங்கிக் கொடுத்த டீட்ஸ், கொட்டகை வாசலில் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

பந்து நடுவில் வந்தது. ஸ்காலா பலமாக அடிக்கவில்லை, தட்டினான் என்றுதான் சொல்லவேண்டும். முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவே தரையோடு ஊர்ந்து புல்லுக்குப் போனது. இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். ஆறுக்கு ஐந்து.

மைதானத்தில் பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். மார்லீன் எழுதினாள்: ஸ்காலா, ஹிட், இரண்டு ஓட்டங்கள். மழுங்கிய பென்சிலுக்கு வேலை இருக்கவில்லை. டீட்ஸுக்கு எழுத ஒன்றுமே இல்லை. அவன் நின்று வாங்கிய நான்கு பந்துகளும் ஸ்காலாவின் கட்டத்துக்குள் போய்விட்டன. புத்தகத்தின்படி அவன் அன்று மட்டையையே தொடவில்லை.

டெல்பர்ட் தன் பொருட்களை எடுத்து வைத்தான். “கைய எடுக்காம இருந்திருக்கலாம் நீ.”

“எழுதணுமே.”

“அதுவும் சரிதான்.” மீதி ரொட்டியை அவள் பக்கம் நகர்த்திவிட்டுப் போனான்.

கால்மணி நேரம் கழித்து ராய்ஸ் படியேறி வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, பையன்கள் வாளியோடு கவிழ்த்திருந்தார்கள். கையில் கொட்டகைச் சுவர்த் தாள், நனைந்து கூழாகி. நாற்காலியில் உட்காரவில்லை.

“உனக்குத் தெரியும்ல அக்கா.”

“டீட்ஸ் மட்டையோட வந்தப்பவே.”

“நாலு பந்து. போனை எடுக்கணும்னு தோணலையா?”

“தோணுச்சு.”

“டெல்பர்ட்டுக்கு மட்டும் காட்டினே.”

“கேட்டான். வருஷம் பூராவும் காட்டுறதுதானே. நீ ஒரு நாளாவது வந்து கேட்டிருக்கியா?”

 ராய்ஸ் குனிந்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினான். பதினெட்டு வருடத்தில் அவன் அந்த அறைக்கு வந்து அதைப் படித்தது அதுதான் முதல் முறை. முதல் இன்னிங்ஸிலிருந்து விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினான். ஆறாம், ஏழாம் வரிசையில் தான் அம்பயரிடம் சொன்னது சரியாக இருப்பதைப் பார்த்தான், கையிலிருந்த தாளைக் குப்பைத்தொட்டியில் போட்டான். விரல் நான்காம் இன்னிங்ஸுக்குத் திரும்பியது. அங்கே நின்றது.

“இது ஹிட்டு,” என்றான்.

“எரர்.”

“கையுறையில பட்டுத் தெறிச்சிருக்கு. அவ்வளவு வேகமா வந்தா யாராலதான் பிடிக்க முடியும்? ஜெயிச்சாச்சு, இனிமே என்ன, மாத்திடேன்.”

“ஜெயிச்சதுக்கும் இதுக்கும் என்னடா?”

அவன் படிக்கட்டு வரை போய் நின்றான். கீழே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்கு நான் சாப்பிட வரல,” என்றான்.

“சரி,” என்றாள் மார்லீன். கடைசிக் கட்டத்தின் ஓரத்தில் ஆட்டம் முடிந்த நேரத்தை எழுதினாள்: நான்கு மணி பதினேழு நிமிடம்.