அளவு சொல்லாத வேண்டுதல்

லூதிவினா செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். புனித இலாரியோவிடம் வேண்டிக்கொண்டபோது அளவு சொல்லவில்லை.

மக்தலேனா ஆற்றங்கரையில் விவரம் தெரிந்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். மெழுகுவர்த்தி என்றால் எத்தனை, நோன்பு என்றால் எதுவரை என்று சொல்லிவிடுவார்கள். ஒருமுறை மழை கேட்டவர்கள் எப்போது நிறுத்துவது என்று சொல்ல மறந்தார்கள். கீழத்தெரு இன்றும் ஆற்றுக்கடியில்தான் இருக்கிறது. கோடையில் கூரைகள் தெரியும்.

அவளையும் குறை சொல்ல முடியாது. நெரெய்தா நடத்திய பெண்கள் எடைக்குறைப்புப் போட்டியில் ஞாயிறுதோறும் மீன்சந்தைத் தராசில் ஏற வேண்டும். எடையை நெரெய்தா ஒலிபெருக்கியில் அறிவிப்பாள்.

"லூதிவினா! போன வாரம் என்னவோ அதேதான்! அடியே, நீ அரேப்பா ரொட்டியை விட்டாலும் அது உன்னை விடலியா? மனசு வைங்கடி, சதை தானா ஓடும்!"

மீன் வாங்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். லூதிவினா நேரே கோயிலுக்குப் போனாள். ஒரு முழ உயரமே இருந்த அவருடைய மரச் சிலையின் காதில், "என் எடையை நீயே எடுத்துக்கோ சாமி" என்றாள்.

அவர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே பாவாடை வழுக்கியது. பிறகு நாற்காலி முனகுவதை நிறுத்தியது. ஆற்றுச் சேற்றில் நடந்தால் கால் தடம் விழவில்லை. பொரித்த அரேப்பாவை முட்டையோடு தின்று பார்த்தாள். அதுவும் சாமிக்கே போய்ச் சேர்ந்தது. கோயிலில் பீடம் விரிசல் விட்டது.

"குண்டம்மா, கட்டில்ல நீ படுத்திருக்கியான்னு தடவிப் பார்க்க வேண்டியிருக்கு" என்றான் புருஷன் அபுந்தியோ. கல்யாணமான நாள் முதல் அவளை அவன் அப்படித்தான் ஆசையாகக் கூப்பிடுவான். இப்போது சொல்லும்போது அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

ஜனவரித் திருவிழா அன்று ஊர்வலத்துக்குச் சிலையைத் தூக்க வந்தவர்களில் அபுந்தியோவும் ஒருவன். எருது போன்ற ஆண்கள் எல்லோரும் சேர்ந்தும் சாமி அசையவில்லை. லூதிவினா அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள்.

பாதிரியார் முகம் வெளுத்தது. "அளவு சொன்னியாம்மா?"

"இல்லை ஃபாதர்."

"இப்பவே மண்டி போட்டு உன் எடையைத் திருப்பிக் கேளு. உச்சிவேளை மணி அடிச்சா இந்த வருஷக் கணக்கை அவர் மூடிடுவார்."

அவள் மண்டியிட்டாள். அந்த நேரம் பார்த்து வெளியே ஒலிபெருக்கி அலறியது: "கடைசி எடை! லூதிவினா எங்கடி? நீதான் முன்னாடி நிக்கிற!"

பிறந்ததிலிருந்து அவள் எதிலும் முன்னால் நின்றதில்லை.

"ஒரே நிமிஷம் ஃபாதர். ஏறிட்டு ஓடி வந்துடறேன்."

"குண்டம்மா, வேணாம்!" அபுந்தியோ கொடிக்கயிறு ஒன்றை அவள் இடுப்பில் முடிந்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

அவள் தராசில் ஏறினாள். முள் அசையவில்லை. நெரெய்தா தராசைத் தட்டினாள், உதைத்தாள், பிறகு கூவினாள்: "பார்த்தீங்களாடி! இதுதான் மன உறுதி!" வெற்றிப் பட்டையைத் தோளில் மாட்டினாள். லூதிவினா சிரித்தாள். அப்படி அழகாக அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

மற்ற பெண்கள் அவளிடம் ரகசியம் கேட்டார்கள். அவள் சொன்னதும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கோயில் பக்கம் ஓடினார்கள்.

உச்சிவேளை மணி அடித்தது. ஆற்றின் மேலிருந்து ஜனவரிக் காற்று கிளம்பியது.

"குண்டம்மா..." என்றான் அபுந்தியோ.

கையிலிருந்த கயிறு மெல்ல மேல்நோக்கி விறைத்தது.