வெக்கை தாங்காத ஃபஸ் பெட்டி

வாசு லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. கிள்ளான் பாசாரில் மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்ப்பான், கண்ணை அமுக்கிப் பார்ப்பான், அதோடு விடாமல் விற்கிறவன் மூஞ்சியையும் ஒருமுறை பார்ப்பான். அவன் சிரித்துவிட்டால் போச்சு. "சிரிச்சு விக்கிறவன்கிட்ட அழுகல்தான் இருக்கும்" என்பது வாசுவின் கட்சி. போர்ட் கிள்ளான் கிடங்கில் அவனுக்கு வேலை. வார இறுதியில் அய்யாவு அண்ணனின் இசைக்குழுவில் கிட்டார். கிடங்கு சோற்றுக்கு, கிட்டார்தான் உயிர்.

அந்த உயிருக்குத்தான் இப்போது ஆபத்து. 1978-இல் கல்யாண மேடைகளில் ஃபஸ் பெட்டி இல்லாத கிட்டாருக்கு மரியாதை கிடையாது. காலால் மிதித்தால் கிட்டாரின் குரலைக் கரகரவென்று தடிக்க வைக்கிற பெட்டி அது. வாசுவிடம் இருந்தது ஒற்றைக் கம்பிக்கு நன்றாகத்தான் பாடியது. நாலைந்து கம்பியைச் சேர்த்துக் கோர்டு பிடித்தால் மட்டும் சுவரங்கள் ஒன்றோடொன்று குழைந்து, அடிப்பிடித்த கஞ்சி ஆகிவிடும்.

அய்யாவு அண்ணன் ஒரு நாள் பொறுத்தார், இரண்டு நாள் பொறுத்தார். பிறகு சொல்லிவிட்டார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை கிள்ளான்ல பெரிய எடத்துக் கல்யாணம். அங்கயும் கோர்டு இப்படிக் கொழகொழன்னு இருந்துச்சுன்னா, எல்லாத்தையும் பாலனே ஆர்கன்ல வாசிச்சுக்கட்டும். நீ கிடங்கு வேலையோட நின்னுக்க."

பாலன் வாசுவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். வாசுவின் தோளில் கை போட்டு, "கவலப்படாதே லா, நான் இருக்கேன்ல" என்றான். உலகத்திலேயே வாசு செவுளைத் தூக்கிப் பார்க்காத ஒரே ஆள் இந்தப் பாலன்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் கனகசபை என்கிற யாழ்ப்பாணத்து ரயில்வே கிளார்க் சில பெட்டிகளை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு, வாசு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். அவன் போய்ச் சேர்ந்தபோது மழை கொட்டித் தீர்த்து ஓய்ந்திருந்தது. குவார்ட்டர்ஸ் முன்னறையில் ஈரக்காற்று சிலுசிலுவென்று அடித்தது. மேசை மேல் மூன்று பெட்டிகள்.

"இருங்கோ தம்பி" என்றார் கனகசபை. "கோர்டுக்குத்தானே? அப்ப தனிக் கம்பியைத் தட்டிப் பாக்காதேங்கோ. அதுக்கு எல்லாப் பெட்டியும் நல்லாத்தான் பாடும். முழுக் கோர்டு பிடிச்சு, சத்தம் தானாய்ச் சாகும்வரை விட்டுக் கேளுங்கோ."

முதல் பெட்டி சிவப்பு, புதுசு. கோர்டு பிடித்தால் தேனீக்கூட்டைக் கலைத்த மாதிரி இரைந்தது. இரண்டாவது கறுப்பு, கனமானது. அடிச்சுவரம் மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டது. மூன்றாவது நசுங்கிப்போன நீலத் தகரம். வாசு அலட்சியமாக மிதித்துக் கோர்டை இழுத்தான். அடேயப்பா! கரகரப்பும் இருந்தது, அதற்குள்ளே ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகப் பேர் சொல்லியது. வாசுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இதைக் கொண்டு போங்கோ" என்று கனகசபை சிரித்தார். மூன்றில் விலை குறைவும் அதுதான்.

சிரித்தாரா! வாசுவுக்கு உள்ளே மணி அடித்தது. நல்ல சாமானை எவனாவது மலிவாகத் தள்ளுவானா?

"இவ்ளோ நல்ல பெட்டிய ஏன் அங்கிள் விக்கிறீங்க?"

பதில் சமையலறையிலிருந்து வந்தது. கனகசபையின் மனைவி குணபூசணி. "தம்பி, அந்தத் தகரத்தை முதல்ல கொண்டு போங்கோ! இவர் அதை மிதிச்சா தெருநாயெல்லாம் எங்கட கேற்றடியில வந்து நிக்குது!"

ஓஹோ, புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்து நாடகம் போடுகிறார்கள் என்று வாசு நினைத்துக்கொண்டான். ஆனாலும் காது பொய் சொல்லவில்லையே. வாங்கினான்.

"உள்ள பழைய பேட்டரி கிடக்குது. அது களைச்சுப் போனதாலதான் கோர்டு இப்பிடி இதமாய் வருது. புதுசு போடாதேங்கோ" என்றார் கனகசபை. "இன்னுமொரு முக்கியமான விசயம் தம்பி..."

"சரி அங்கிள், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று வாசு நழுவினான். செத்த பேட்டரியையும் சேர்த்து விற்கப் பார்க்கிற ஆளிடம் இதற்கு மேல் என்ன கேட்பது?

மறுநாள் காலையில் பெட்டி தேனாகப் பாடியது. மத்தியானம் தகரக்கூரை கொதித்தபோது அதே பெட்டி, அதே கோர்டு, அதே கஞ்சி! வாசுவுக்குத் தலை சுற்றியது. மோசம் போய்விட்டோம், ஆள் ஏதோ வித்தை காட்டிவிட்டான் என்று பாலனிடம் ஓடினான்.

பாலன் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டான். "நான் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போறேன். அந்தாளப் பத்தி விசாரிச்சுட்டு வரேன்" என்றான். போய்விட்டு வந்து உதட்டைப் பிதுக்கினான்.

"ஆள் சரியில்லடா. பழைய பேட்டரி நல்லதுன்னு எவனாச்சும் சொல்வானா? புதுசு போடு லா."

வாசு புதுசு போட்டான். பெட்டி இன்னும் மோசமாக அலறியது. "அங்கேயே கெட்டுப்போன சாமான்தான்" என்று பாலன் ஆறுதல் சொன்னான். வாசுவுக்குக் கண் கலங்கியது. இந்தக் காலத்தில் யார் இப்படி நண்பனுக்காக அலைகிறார்கள்!

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் வழக்கம்போல வாத்தியங்களுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பூஜை முடிந்ததும் மற்றவர்கள் தங்கள் சாமானை எடுத்துக்கொண்டார்கள். பாலன் மட்டும் நீலப் பெட்டியைக் குத்துவிளக்குக்கு அருகே தள்ளி வைத்தான்.

"புதுசா வாங்குனது. வாசிக்கிறப்பவும் சாமி விளக்குகிட்டயே இருக்கட்டும். நல்லது."

ஊரையே சந்தேகப்படுகிற வாசு, குங்குமப் பொட்டைச் சந்தேகப்படுவானா? கும்பிட்டுவிட்டு நகர்ந்தான்.

முதல் பாட்டிலேயே மானம் போயிற்று. கோர்டு பிடித்த இடமெல்லாம் கொழகொழ. முன்வரிசையில் ஒரு கிழவர் காதைப் பொத்திக்கொண்டார். அய்யாவு அண்ணன் வாசுவைப் பார்த்து விரலால் கழுத்தை அறுத்துக் காட்டினார், பிறகு பாலனுக்குச் சைகை செய்தார். பாலன் ஆர்கனில் கோர்டைத் தூக்கிப் பிடித்தான். வாசுவுக்கு அழுகை முட்டியது.

தாலி கட்டுகிற நேரம் வந்ததும் நாதஸ்வரக்காரர்கள் வாசிப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். மேடையை விட்டு இறங்கிய வாசுவின் எதிரே, கல்யாணத்துக்கு வந்திருந்த கனகசபை நின்றார்.

"ஏமாத்திட்டீங்கள்ல அங்கிள்! என் பொழப்பே போச்சு!"

கனகசபை கோபப்படவில்லை. மேடையோரம் போய், விளக்கருகே இருந்த பெட்டியைத் தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்தார்.

"ஐயோ, கொதிக்குது! ஆர் இதை விளக்கடியில வைச்சது? உள்ள இருக்கிற டிரான்சிஸ்டர் பழைய காலத்துச் சாமான், வெக்கை பட்டா குழம்பிப் போகும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தன், நீங்கள் ஓடீட்டீங்கள். உங்கட சிநேகிதனிட்ட விவரமாய்ச் சொல்லி அனுப்பினனே, சொல்லேல்லையோ?"

"யாரு?"

"அந்தா, ஆர்கன்காரப் பிள்ளை. வீட்டுக்கு வந்து, என்ன செய்தா இது கெடும் எண்டு துருவித் துருவிக் கேட்டவர். புது பேட்டரி, வெக்கை, ரெண்டும் ஆகாது எண்டன்."

என்ன செய்தால் இது கெடும். கெட்டிமேளம் கொட்டியது, எல்லாரும் அட்சதை போட்டார்கள், வாசுவின் கையிலிருந்த அரிசி அங்கேயே கொட்டிவிட்டது.

கனகசபை சட்டைப்பையிலிருந்த ரேடியோவைத் திறந்து, பாதி தீர்ந்த பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தார். வாசு அதைப் பெட்டிக்குள் மாட்டிவிட்டு, விருந்தாளிகளுக்குச் சிராப் சர்பத் கலந்திருந்த தொட்டியிலிருந்து ஐஸை அள்ளிப் பிளாஸ்டிக் பையில் கட்டினான். அதன்மேல் துண்டைப் போட்டு, துண்டின்மேல் பெட்டியை வைத்துக் காத்திருந்தான்.

நாதஸ்வரம் ஓய்ந்ததும் அய்யாவு அண்ணனிடம் போய்க் கெஞ்சினான். "ஒரே ஒரு பாட்டுண்ணே. சரியா வரலன்னா நானே எறங்கிடறேன்."

மிதித்தான். கோர்டு எழும்பியது. கரகரப்புக்குள் ஒவ்வொரு கம்பியும் பேர் சொல்லியது. காதைப் பொத்திய கிழவர் கையை எடுத்தார். அய்யாவு அண்ணன் வாயைப் பிளந்து, "அப்படிப் போடு!" என்று கத்தினார்.

வாசு கூட்டத்தைப் பார்க்கவில்லை. பாலனைத்தான் பார்த்தான். பாலனின் விரல்கள் ஆர்கன்மேல் அப்படியே நின்றுவிட்டன. அவன் கண் விளக்கடிக்குப் போய், துண்டுக்கு வந்து, கடைசியில் வாசுவிடம் வந்தது. பிறகு பாலன் சிரித்தான்.

எத்தனை மீன்காரனின் சிரிப்பை வாசு பார்த்திருக்கிறான்! இந்தச் சிரிப்பைப் பள்ளிக்கூட நாளிலிருந்து தினமும் பார்த்தும் இன்றுதான் பார்த்தான். கோபம்கூட வரவில்லை, அடுத்த கோர்டைப் பிடித்தான்.

கச்சேரி முடிந்ததும் பாலன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். "பின்னிட்டே லா! ஏறு, வீட்ல விட்டுடறேன்."

"நீ போடா" என்றான் வாசு. "நான் பஸ்ல வரேன்."

ஐஸ் பையோடு ஈரத்துண்டில் சுற்றிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தான். ஐஸ் உருகிக் காற்சட்டையெல்லாம் நனைந்தது. பக்கத்தில் இடம் பிடித்த கனகசபை கல்யாண வீட்டு வெற்றிலை பாக்குப் பையைப் பிரித்துச் சிரித்தபடி நீட்டினார். வாசு ஒரு வெற்றிலையை முகர்ந்துகூடப் பார்க்காமல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.